கல்விக் கடன்: வீட்டுப் பத்திரம் அலமாரியிலேயே இருக்கட்டும்

கேள்வி: அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்கிறேன். வருமானச் சான்றில் ஆண்டுக்கு 1.8 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் படித்தவள். கவுன்சலிங்கில் நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1.6 லட்சம் ஆகும். மூத்தவன் பி.இ. முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறான், ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். கடனை அவன் பெயரில் எடுத்தால் வரி மிச்சம் என்கிறார்கள். 12 சென்ட் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கேட்பார்களா?

பதில்: வரியை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. வருமான வரிச் சட்டம் (1961 சட்டத்தில் 80இ பிரிவு) கல்விக் கடன் வட்டிக்கு உச்சவரம்பில்லாமல் கழிவு தருகிறது. ஆனால் கடன் யாருடைய படிப்புக்கு என்பதில் அது கறார்: தான், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சட்டப்படி தன் பாதுகாப்பில் இருக்கும் மாணவர். தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணன் மாதம் தவறாமல் கட்டினாலும் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. போதாக்குறைக்கு, இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. 2025-26 நிதியாண்டுக்கான புதிய முறையில் 9 லட்சம் சம்பளத்துக்கு வரியே வராது. இல்லாத வரியை மிச்சம் பிடிக்கக் கடனை அவர் பெயருக்கு மாற்றுவானேன்?

மாற்றினால் நஷ்டமும் வரலாம். மத்திய அரசின் வட்டி மானியம் (சிஎஸ்ஐஎஸ் என்பார்கள்) பெற்றோர் அல்லது குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு. 9 லட்சம் சம்பளக்காரரை இணைக் கடன்தாரராகப் போட்டால் அந்த வருமானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா என்ற கேள்வியை நாமே கிளப்பிவிட்டது போலாகும். கடன் மகள் பெயரில் இருக்கட்டும், இணைக் கடன்தாரர் நீங்கள்.

இந்த மானியம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நான்கு ஆண்டுச் செலவு 6.4 லட்சம். 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் 5 சதவீதம் உங்கள் பங்கு, அதாவது 32,000 ரூபாய். அதையும் மொத்தமாகக் கட்ட வேண்டாம், ஆண்டுக்கு 8,000 வீதம் போதும். மீதி 6.08 லட்சம் கடன், ஆண்டுக்கு 1.52 லட்சமாகக் கல்லூரிக்கே நேரடியாகப் போகும். படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடும். கணக்குக்காக 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், முதல் ஆண்டுப் பணத்துக்கு ஐந்து ஆண்டில் 76,000, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு 60,800, 45,600, 30,400. கூட்டினால் 2,12,800 ரூபாய். மானியம் இருந்தால் இதை அரசு கட்டும். இல்லையென்றால் அசலில் ஏறி, 8.2 லட்சத்துக்குத் தவணை தொடங்கும். பத்தாண்டுத் தவணையாகப் பிரித்தால் மாதம் சுமார் 8,000 கட்ட வேண்டிய இடத்தில் 10,800 ஆகிவிடும்.

மானியம் கிடைக்கக் கல்லூரி நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அல்லது அந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ (தொழில்நுட்பப் பாடப்பிரிவுகளின் தரத்தைப் பார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் வேண்டும். கல்லூரிக்கு நாக் இல்லாதபோது, இரண்டு பிரிவுக்கு மட்டும் என்பிஏ வாங்கிவிட்டு வாசலில் பெரிய போர்டு வைப்பவர்களும் உண்டு. உங்கள் மகளின் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டுவரை என்று எழுதியே வாங்குங்கள். தாசில்தார் தந்த வருமானச் சான்றைக் கடன் விண்ணப்பத்தோடேயே கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மானியத்தைக் கோருவது வங்கியின் வேலை, கோராத கிளைகளும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை வாங்கி மானியம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பத்திரம் தேவையில்லை. 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. அதன்கீழ் வரும் கடனுக்கு அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது. இங்கேதான் பலர் கைதவறுகிறார்கள். லேப்டாப், இதர செலவு என்று சேர்த்துக்கொண்டே போய் 7.6 லட்சம் ஆக்கிவிட்டால் பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து எல்லாம் வந்துவிடும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதற்கே ஆறு மாதம் ஓடும். தொகையை 7.5 லட்சத்துக்குள் நிறுத்துங்கள்.

மகள் அங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் போனஃபைடு கடிதத்தில் டியூஷன், தேர்வு, ஹாஸ்டல், புத்தகம் என்று ஆண்டுவாரியாகத் தனித்தனியே இருக்க வேண்டும். மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் கிளையில் டியூஷனுக்கு மட்டும் அனுமதித்துவிட்டு மீதியைக் கையிலிருந்து கட்டச் சொல்வார்கள். அதோடு கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணை, மதிப்பெண் பட்டியல்கள், இருவரின் ஆதார், பான். உங்கள் பழைய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கொருமுறை இலவசம். மறந்துபோன நகைக்கடன் வட்டியோ குழுக்கடன் தவணையோ அதில் நின்றிருக்கலாம்.

இனி உதவித்தொகை. மகள் உதவிபெறும் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொருந்தாது. கிறிஸ்தவ சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நம் குமரி மாவட்டத்தில் பலருக்கு ஏமாற்றம் தரும் இடம் இது. அண்ணன் பட்டதாரி என்பதால் முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. ஆனால் புதுமைப்பெண் திட்டம் இப்போது உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு: மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. உங்கள் பங்கான 32,000 இதிலேயே அடங்கிவிடும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆதிதிராவிடர் அல்லது மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்றால், வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்பதால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையை முதலில் கேளுங்கள், கடனே பாதியாகக் குறையலாம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) குறைந்த வட்டியில் கல்விக் கடன் தருகிறது. கலெக்டர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். முதல் ஆண்டு ஃபீஸுக்கு அதை நம்பி உட்கார வேண்டாம் என்பது என் கருத்து.

மூத்தவர் உதவ விரும்பினால் கடன் கணக்கில் இப்போதே வட்டி கட்ட வேண்டாம். அரசு கட்டப்போகும் வட்டி அது. தவிர, 80இ கழிவு வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குத்தான். படிக்கும்போதே மகள் கணக்கிலிருந்து கட்டத் தொடங்கினால், அவர் சம்பாதிக்கும் முன்பே அந்த எட்டு ஆண்டுகளில் பாதி கழிந்துவிடும். அண்ணன் ஒரு ஆர்.டி. போட்டு வைத்து, தவணை தொடங்கும்போது அசலில் கட்டட்டும். முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. தங்கைக்கு அண்ணன் தரும் பணத்துக்கு வரியும் கிடையாது.

விண்ணப்பத்தைக் கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் போடுங்கள், பதிவு எண் கையில் இருக்கும். 'எங்கள் ஏரியா இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது, சேவைப் பகுதியைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியவர், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர், நாகர்கோவிலில் இருக்கிறார். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் அனுப்பலாம். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலில் தேதியும் கிளை முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.