பேசவைப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஐயா,

எட்டு மாதங்களுக்கு முன்பு என் தம்பி ஓட்டிச்சென்ற கார் விபத்துக்குள்ளானது. அவன் சிறு காயங்களோடு தப்பினான். பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பன் இறந்துவிட்டான். அன்றுமுதல் அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை, காரில் ஏறுவதில்லை, யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. வற்புறுத்தி ஓர் உளவியல் சிகிச்சையாளரிடம் அனுப்பினோம். ஐந்து அமர்வுகள் ஆகியும் விபத்தைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். தூக்கம், மூச்சு என்றே பேசுகிறாராம். இப்போது அம்மாவையும் என்னையும் வரச் சொல்கிறார். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்றுதானே அனுப்பினோம்? பாதிக்கப்பட்டவன் அவன், எங்களை எதற்கு அழைக்கிறார்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு ஆறுதலாகவே இருந்தது. அவசரப்படாத ஒருவரிடம் உங்கள் தம்பி சென்று சேர்ந்திருக்கிறார்.

கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்ற நம்பிக்கை ஒருகாலத்தில் இந்தத் துறைக்குள்ளேயும் வலுவாக இருந்தது. விபத்திலோ பேரிடரிலோ சிக்கியவர்களை அடுத்த சில நாட்களிலேயே அமரவைத்து, நடந்ததை முழுவதுமாக விவரிக்கச் செய்யும் ஒற்றை அமர்வு முறை 1980களில் பரவியது. பின்னர் முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அது பிற்காலப் பாதிப்பைத் தடுக்கவில்லை என்பதும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கியிருக்கக்கூடும் என்பதும் தெரியவந்தன. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சாதாரண நினைவு, ‘அன்று நடந்தது’ என்று மனதில் தங்கிவிடுகிறது. அதிர்ச்சியின் நினைவோ பிரேக் சத்தமாகவும் பெட்ரோல் வாடையாகவும், ‘இப்போது நடக்கிறது’ என்றே திரும்பி வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, உடல் தப்பி ஓடத் தயாராகிறது. அந்தப் படபடப்பை அடக்கிக்கொள்ள ஒரு வழியும் கைவசம் இல்லாத ஒருவரை விவரிக்கச் சொன்னால், அவர் விபத்தை நினைவுகூர்வதில்லை, மறுபடி அதற்குள் போய் விழுகிறார். மூச்சும் தூக்கமும் முதலில் வருவது இதனால்தான்.

மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியை மூன்று கட்டங்களாக விளக்கினார்: பாதுகாப்பை உறுதிசெய்தல், நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், மீண்டும் வாழ்வோடும் மனிதர்களோடும் இணைதல். இரண்டாவது கட்டத்தில் துக்கமும் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் தம்பி விபத்தில் தப்பியவர் மட்டுமல்லர், நண்பனைப் பறிகொடுத்தவர். வண்டியை ஓட்டியவன் நான்தானே என்ற குற்றவுணர்வின் அடியில் அந்தத் துக்கம் இன்னும் அழப்படாமலே கிடக்கலாம். அதற்காக, மாதக்கணக்கில் மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிடுவதும் சரியல்ல. அதிர்ச்சியை மையமாகக் கொண்டு எண்ணங்களையும் நடத்தையையும் சீர்படுத்தும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண்களை இருபுறமும் அசைத்தபடியே நினைவை எதிர்கொள்ளவைக்கும் ஈ.எம்.டி.ஆர் போன்ற நன்கு சோதிக்கப்பட்ட முறைகள் ஒரு கட்டத்தில் அந்த நினைவை நேராகவே சந்திக்கின்றன. அங்கே எப்போது போவோம் என்று சிகிச்சையாளரிடம் கேட்க உங்கள் தம்பிக்கு முழு உரிமை உண்டு.

உங்களை எதற்கு அழைக்கிறார் என்பதற்கு என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு என் அக்கா ஒரு தீ விபத்தில் உயிர் தப்பினார். நள்ளிரவில் அவர் அலறி எழும்போதெல்லாம் நாங்கள் ஓடிச்சென்று, எல்லா விளக்குகளையும் போட்டு, தோளைப் பிடித்து உலுக்கி, ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்போம். குடும்பமாக அமர்ந்த முதல் அமர்வில் சிகிச்சையாளர் அந்த இரவுகளைப் பற்றித்தான் விசாரித்தார்: முதலில் எழுந்து வருவது யார், எங்கே நிற்பீர்கள், என்ன சொல்வீர்கள். பிறகு அக்காவிடம் திரும்பி, அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்றார். கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக வெகுநேரம் இருந்துவிட்டு அக்கா சொன்னார்: “திடீர்னு லைட்டைப் போடாதீங்க. தொடாதீங்க. வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க, போதும்.” பளீரென்று எரிந்த விளக்கு அவருக்கு நெருப்பாகவே தெரிந்திருக்கிறது. ஆறு மாதங்களாக, அன்பு என்று நினைத்துக்கொண்டு, நாங்களே அவரை அந்தத் தீக்குள் தள்ளிக்கொண்டிருந்தோம். அதே அமர்வில்தான் அம்மாவிடம் முதன்முறையாக ஒருவர், ‘நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்?’ என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, அழுதார்.

உங்கள் வீட்டிலும் இந்த எட்டு மாதங்களில், எதைப் பேசக்கூடாது, யார் யாரைக் கண்காணிப்பது என்று, யாரும் சொல்லாமலே ஓர் ஏற்பாடு உருவாகியிருக்கும். அது அவரைக் காக்கிறதா, ஒடுக்குகிறதா என்பதை வெளியிலிருந்து பார்க்கும் ஒருவரால்தான் காட்ட முடியும். ஆகவே தயங்காமல் செல்லுங்கள். அங்கே அம்மா பேசட்டும், குறுக்கிடாதீர்கள். தம்பி தனியாகச் சென்று திரும்பும் நாட்களில், ‘என்ன பேசினாய்?’ என்று கேட்காதீர்கள். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்பதுபோல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் மட்டும், நேரடியாக அவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். அவரைத் தனியே விடாமல், அடுத்த அமர்வுக்குக் காத்திராமல், அன்றே சிகிச்சையாளருக்குத் தெரிவியுங்கள்.