பொலிவியாவில் அசெம்பிளி கூடம்: போட்ட பணம் திரும்பி வருமா?

கேள்வி: கோவையில் பாசன பம்ப்செட் தயாரிக்கிறோம். பொலிவியாவின் சாந்தா குரூஸ் நகரத்தில் ஒரு விநியோகஸ்தருக்குச் சில ஆண்டுகளாக அனுப்பி வருகிறோம். இப்போது அவர், “உதிரிபாகமாக அனுப்புங்கள், இங்கேயே கூட்டாக ஒரு அசெம்பிளி கூடம் போடலாம். ஆட்சி மாறிவிட்டது, இனி பயமில்லை” என்கிறார். வெளிநாட்டுக் கம்பெனி அங்கே பங்கு வைத்திருக்கலாமா? லாபத்தை எடுத்துவர முடியுமா? அரசு பிடுங்கிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதல் கேள்விக்குப் பதில் எளிது. உங்களுடையதைப் போன்ற சாதாரணத் தயாரிப்புத் தொழிலில் வெளிநாட்டவர் முழுப் பங்கையும் வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்க் கூட்டாளி கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் தொடங்கப் போவது அநேகமாக எஸ்.ஆர்.எல். என்ற வகைக் கம்பெனியாக இருக்கும். நம் பிரைவேட் லிமிடெட் மாதிரி. குறைந்தது 2 பங்குதாரர், அதிகபட்சம் 25. செப்ரெக் என்ற அரசு வணிகப் பதிவகத்தில் பதிய வேண்டும். அங்கே வசிக்கும் உரிமையுள்ள ஒரு சட்டப் பிரதிநிதியும் வேண்டும். நல்ல வக்கீல் கிடைத்தால் இதில் பெரிய தலைவலி இல்லை.

உங்கள் கவலை முழுக்க மூன்றாவது கேள்வியில் இருப்பது தெரிகிறது. என் கணிப்பில் இன்று உங்கள் அளவிலான கம்பெனியைக் கடிக்கக்கூடியது இரண்டாவது கேள்விதான். அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

2014 ஏப்ரலில் வந்த 516-ஆம் எண் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம், வரியைக் கட்டி முடித்த பிறகு லாபத்தையும் மூலதனத்தையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமையைத் தருகிறது. ஆக, காகிதத்தில் உரிமை இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக வங்கியில் டாலர்தான் இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். பொலிவியாவுக்கு டாலர் கொண்டுவந்தது இயற்கை எரிவாயு. பிரேசிலும் அர்ஜென்டினாவும் குழாய் வழியே வாங்கின. 2014 வாக்கில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 1,500 கோடி டாலரைத் தொட்டது. புதிய வயல்களைத் தேடும் முதலீடு குறைந்ததால் அதன்பின் எரிவாயு உற்பத்தி இறங்கிக்கொண்டே போனது. 2024 செப்டம்பரில் அர்ஜென்டினாவுக்கான விற்பனையும் நின்றது. வரவு இப்படிச் சுருங்க, பெட்ரோலையும் டீசலையும் டாலர் கொடுத்து வாங்கி, உள்ளூரில் மானிய விலைக்கு விற்கும் செலவு மட்டும் தொடர்ந்தது. இத்தனைக்கும் நடுவில், 2011 நவம்பரில் ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ என்று நிறுத்திய அதிகாரபூர்வ விலையை அரசு ஆண்டுக்கணக்கில் அசைக்கவில்லை. 2023-லிருந்து வங்கிகள் டாலரை அளந்து கொடுக்கத் தொடங்கின. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கமிஷன் ஏறியது. 2025 நடுவில் வெளிச்சந்தை விலை அதிகாரபூர்வ விலையைப் போல இரு மடங்கையும் தாண்டியது. 2025 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு அந்த விலை நன்றாகவே தணிந்தது. இருந்தாலும் காலியான கையிருப்பு ஒரே வருடத்தில் நிரம்பிவிடாது.

இதை உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். அசெம்பிளி கூடத்துக்கு மோட்டார், இம்பெல்லர், சீல், பேரிங் எல்லாம் டாலர் விலைக்குப் போய் இறங்கும். விற்பது பொலிவியானோவில், அதுவும் விவசாயிக்கு, பெரும்பாலும் அறுவடை வரை கடனில். சரக்கு கொடுத்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் நாணயம் விழுந்தால் லாபம் போவதோடு நிற்காது, அடுத்த கண்டெய்னருக்கான முதலும் கரையும். இப்போது ஏற்றுமதி செய்கிற நிலையில் அந்த அபாயம் உங்கள் விநியோகஸ்தருடையது. கூட்டுக் கம்பெனி வந்தால் அதில் உங்கள் பங்குக்கு ஏற்ற அளவு உங்கள் தலைக்கு வந்துவிடும். அவர் கூட்டாளி தேடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் தவறில்லை, ஆனால் அந்தச் சுமைக்கு ஒரு விலை உண்டு, அதைப் பேரத்தில் வைத்துப் பேசுங்கள்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. 2024 ஜூனில் கிரிப்டோ நாணயத் தடையை பொலிவிய மத்திய வங்கி நீக்கியது. டாலர் கிடைக்காத பல இறக்குமதியாளர்கள், டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ நாணயமான யு.எஸ்.டி.டி.யில் பணம் கட்டத் தொடங்கினார்கள். உங்களிடமும் அப்படிக் கேட்கலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் செலாவணி விதிப்படி ஏற்றுமதிப் பணம் அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாக வந்தாக வேண்டும்.

சரி, பிடுங்கிக்கொள்வார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. அப்போதைய அதிபர் எவோ மொராலஸ் 2006-இல் எண்ணெய், எரிவாயுத் துறையை அரசுக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். 2007-இல் சுவிஸ் சுரங்கக் கம்பெனியான கிளென்கோர் கையில் இருந்த விண்டோ வெள்ளீய உருக்காலை, 2010-இல் மின் உற்பத்தி நிலையங்கள், 2012-இல் மின் கடத்தும் கம்பெனி, 2013-இல் விமான நிலையங்களை நடத்திய கம்பெனி என்று வரிசையாக அரசுடைமை ஆயின. கிளென்கோர் வழக்குப் போட்டு 25 கோடி டாலருக்கும் மேல் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கியது, ஆனால் அது வந்தது 2023-இல். அதுவும் பழைய முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பலத்தில். இதற்கிடையில் 2007-இல் உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு மையத்திலிருந்து பொலிவியா விலகியது. 2013-இல் மீதமிருந்த இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தங்களையும் முறித்துக்கொண்டது. இன்று புதிதாகப் போகும் முதலீட்டுக்கு அந்தப் பழைய கவசம் இல்லை.

பட்டியலை மறுபடி பாருங்கள்: எரிவாயு, கனிமம், மின்சாரம், விமான நிலையம். எல்லாம் நிலத்தடி வளமோ பொதுச் சேவையோ. பம்ப்செட் பூட்டும் கூடத்தை எந்த அரசும் தேடி வராது. இந்த விஷயத்தில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

நம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் அனுபவம் இதைவிட நெருக்கமான பாடம். பிரேசில் எல்லைக்குப் பக்கத்தில், புவெர்த்தோ சுவாரெஸ் ஊருக்கு அருகே எல் முத்துன் என்ற பிரம்மாண்டமான இரும்புத்தாது மலை இருக்கிறது. 2007-இல் ஜிண்டால் ஸ்டீல் அண்ட் பவர் அதில் 210 கோடி டாலர் முதலீடு செய்வதாக ஒப்பந்தம் போட்டது. உருக்காலைக்கு எரிவாயு வேண்டும். தேவையான அளவு கொடுக்க பொலிவியாவால் முடியவில்லை. நிலத்தை ஒப்படைப்பதிலும் இழுபறி. முதலீடு வரவில்லை என்று அரசு 1.8 கோடி டாலர் வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கிக்கொண்டது. 2012-இல் ஜிண்டால் வெளியேறியது. 2014-இல் பாரிஸின் சர்வதேச வர்த்தகச் சபை நடுவர் மன்றம் ஜிண்டாலுக்கு 2.25 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. அந்தத் திட்டத்தைக் கவிழ்த்தது பறிமுதல் அல்ல, வாக்களித்த எரிவாயு வராததுதான். அப்புறம், ஜிண்டாலுக்குத் தீர்ப்பு கிடைத்ததற்குக் காரணம் ஒப்பந்தத்தில் இருந்த நடுவர் மன்றப் பிரிவு.

“ஆட்சி மாறிவிட்டது” என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஓராண்டு தவிர, சுமார் 20 ஆண்டுகள் மொராலஸ் தொடங்கிவைத்த மாஸ் கட்சியின் ஆட்சி. 2025 அக்டோபர் 19-இல் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் ரோட்ரிகோ பாஸ் வென்று நவம்பர் 8-இல் பதவியேற்றார். ‘எல்லாருக்கும் முதலாளித்துவம்’ என்பது அவருடைய முழக்கம். டிசம்பரிலேயே எரிபொருள் மானியத்தை வெட்டினார். தொழிற்சங்கங்கள் உடனே தெருவில் இறங்கின. திசை மாறியது உண்மைதான். ஆனால் 2009 அரசியலமைப்பு அப்படியே இருக்கிறது. அதன் 320-ஆம் பிரிவு, உள்நாட்டு முதலீட்டுக்கே முன்னுரிமை என்கிறது. அந்நிய முதலீடு பொலிவியச் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட்டது, தூதரக வழியில் சிறப்புச் சலுகை கேட்க முடியாது என்கிறது. இதை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், அதன்பின் மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும். பாஸின் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மைகூடக் கிடையாது. ஆகவே அதிபரின் மனநிலையை நம்பி 10 வருடத் திட்டம் போடாதீர்கள்.

262-ஆம் பிரிவும் முக்கியம்: எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நிலம் வாங்கக் கூடாது. சாந்தா குரூஸ் நகரம் எல்லையிலிருந்து வெகு தொலைவு, அதனால் உங்களைத் தொடாது. எப்படியும் நிலம் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நகரத்துக்கு வடக்கே வார்னெஸ் பக்கம் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. வாடகைக்கு ஒரு கூடம் எடுத்தால் போதும்.

வரியைப் பொறுத்தவரை ஒரு சின்னக் கணக்கு. 100 ரூபாய் லாபம் என்றால் கம்பெனி வருமான வரி 25 சதவீதம். மீதி 75-ஐ இந்தியாவுக்கு அனுப்பும்போது 12.5 சதவீதம் பிடித்தம். கையில் வருவது 65 ரூபாய் 60 பைசா சொச்சம். அப்படி அனுப்பும் முன், அந்தந்த ஆண்டின் லாபத்தில் 5 சதவீதத்தைச் சட்டபூர்வக் காப்பு நிதியில் ஒதுக்க வேண்டும், அது மூலதனத்தில் பாதி அளவுக்கு வளரும்வரை. மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம் என்பார்கள். வரியும் சேர்ந்த பில் தொகையின் மேல் கணக்கிடுவதால் அது நடைமுறையில் 14.94. இது போக மொத்த விற்பனையில் 3 சதவீதம் பரிவர்த்தனை வரி. கட்டிய வருமான வரியை இதில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கும் பொலிவியாவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இல்லை. ஆனால் ஒப்பந்தம் இல்லாத நாட்டில் கட்டிய வரிக்கும் நம் சட்டத்தில் நிவாரணம் உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இந்தப் பிடித்தத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். போடும் பணம் முழுவதையும் பங்கு மூலதனமாகப் போடாமல், ஒரு பகுதியைக் கடனாகக் கொடுங்கள். கடனுக்கான வட்டிக்குப் பிடித்தம் உண்டு, அசல் திரும்பி வரும்போது கிடையாது. எது எவ்வளவு வந்தது என்பதை பொலிவிய மத்திய வங்கியில் முதல் நாளிலிருந்தே முறையாகப் பதிவுசெய்ய வேண்டும். உள்ளே வந்ததற்குச் சான்று இல்லாத பணத்தை வெளியே எடுப்பது மிகவும் கஷ்டம்.

தொழிலாளர் சட்டம் கடுமையானது, வக்கீல் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். 100 பேரில் 85 பேர் பொலிவியர்களாக இருக்க வேண்டும். காரணம் நிரூபிக்காமல் ஒருவரை நீக்கினால், அவர் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அரசு அவர் பக்கம் நிற்கும். டிசம்பர் 20-க்குள் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆண்டுச் சம்பள உயர்வை அரசே மே தினத்தை ஒட்டி அறிவிக்கும், அது ஜனவரியிலிருந்தே அமலுக்கு வரும். நான்கு மாத நிலுவையையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

பொலிவியாவுக்குக் கடற்கரை இல்லை. சரக்கு சிலியின் ஆரிக்கா துறைமுகம் வழியாக ஆண்டிஸ் ஏறி வரும். சாந்தா குரூஸுக்கும் கொச்சபம்பாவுக்கும் இடையிலான சாலையை மறிப்பது அங்கே அரசியலின் வழக்கமான ஆயுதம். 2022-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தள்ளிப்போட்டதற்காக சாந்தா குரூஸே 36 நாள் முடங்கிக் கிடந்தது. 2024 அக்டோபரில் மொராலஸ் ஆதரவாளர்களின் மறியல் மூன்று வாரத்துக்கும் மேல் நீடித்தது. இரண்டு மாத உதிரிபாகம் கையிருப்பில் இல்லாமல் கூடத்தைத் திறக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சோயாவும் கரும்பும் விளையும் செழிப்பான சமவெளி அது, பாசனத்துக்கு அங்கே தேவை இருக்கிறது. ஆனால் விநியோகஸ்தரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: முழு பம்ப்செட்டுக்கும் உதிரிபாகத்துக்கும் இறக்குமதி வரியில் எவ்வளவு வித்தியாசம்? உங்கள் போட்டி பிரேசில் பம்ப். 1997 முதல் மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்புடன் இருக்கும் வர்த்தக உடன்பாட்டால் அது வரிச் சலுகையோடு வருகிறது. வித்தியாசம் சொற்பம் என்றால் அசெம்பிளி கூடத்தால் விலையில் பயன் இல்லை. அந்த நிலையில் உதிரிபாகக் கிடங்கும் சர்வீஸ் சென்டரும் போதும்.

வித்தியாசம் கணிசம் என்றால் சிறிதாக, வாடகைக் கூடத்தில், பெரும்பான்மைப் பங்கை உங்கள் கையில் வைத்துத் தொடங்குங்கள். உபரியான இயந்திரங்களை அனுப்புங்கள், ரொக்கத்தைக் குறையுங்கள். முதல் மூன்று ஆண்டு லாபத்தை அங்கேயே சரக்காக மாற்றும் திட்டம் இருக்கட்டும். கூட்டாளியுடனான ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் நடுவர் மன்றம் எங்கே, எந்த மொழியில் என்று எழுதுங்கள். இரு தனியார் தரப்புக்கு வெளிநாட்டு நடுவர் மன்றம் சாத்தியமே. நடுவர் தீர்ப்புகளை அமலாக்கும் நியூயார்க் உடன்படிக்கையில் பொலிவியாவும் இருக்கிறது. சிறு தகராறுகளுக்கு சாந்தா குரூஸ் வணிகச் சபையான கைன்கோவின் நடுவர் மையம் செலவு குறைவு.

நம் பக்கத்தில், 2022-இன் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி கம்பெனியின் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமலே போடலாம். பணம் அனுப்பும் முன் உங்கள் வங்கி வழியாக வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் எஃப்.சி. படிவம் கொடுத்து அடையாள எண் வாங்க வேண்டும். கூட்டுக் கம்பெனியில் பங்கு இருந்தால்தான் அதற்குக் கடனும் கொடுக்க முடியும், அந்தக் கடனும் இதே 400 சதவீதத்துக்குள் சேரும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும். அதற்கு பொலிவியாக் கணக்கு வேண்டும் என்பதால், ஆண்டுக் கணக்கை எந்தத் தேதிக்குள் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கூட்டாளி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.