பட்டறைப் பக்கம்: டர்போ ஒன்று, பாதை இரண்டு

கேள்வி: 2013 மாடல் பிஎம்டபிள்யூ 328ஐ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 'ட்வின்பவர் டர்போ' என்று சொல்லித்தான் விற்றார்கள். பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக், ஒரே ஒரு டர்போதான் இருக்கிறது என்கிறார். இன்னொன்றை யாராவது கழற்றிவிட்டார்களா?
வாசகர், திருப்பூர்

பதில்: யாரும் கழற்றவில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் வண்டியின் என்20 இன்ஜினுக்குக் கம்பெனி கொடுத்ததே ஒரு டர்போதான் (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி). 'ட்வின்பவர்' என்பது விளம்பரக்காரர்கள் வைத்த பெயர். ஒற்றை டர்போ உள்ள 320டி டீசலுக்கும் அதே பெயர்தான்!

ஆனால் உங்கள் டர்போவுக்குள் நிஜமாகவே ஓர் இரட்டை இருக்கிறது. டர்பைன் சக்கரத்துக்குப் புகை போகும் சுருள் பாதையை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருப்பார்கள். அதுதான் ட்வின் ஸ்க்ரோல்.

சுவர் எதற்கு? நான்கு சிலிண்டர் இன்ஜின் 1-3-4-2 வரிசையில் எரியும். இன்ஜின் தண்டு 180 டிகிரி சுழலும்போதெல்லாம் ஒரு வெடிப்பு. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வோ சுமார் 240 டிகிரி திறந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றாம் சிலிண்டர் மிச்சப் புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும் கடைசி 60 டிகிரியில் மூன்றாம் சிலிண்டரின் வால்வு திறந்து, முழு அழுத்தத்தோடு புகை சீறி வருகிறது. டவுன் பஸ்ஸில் ஒருவர் இறங்கும் படியிலேயே இன்னொருவர் முண்டியடித்து ஏறுகிற கதைதான். போதாக்குறைக்கு, அந்த நேரம் பார்த்து ஒன்றாம் சிலிண்டரின் இன்டேக் வால்வும் திறக்கத் தொடங்கியிருக்கும். சூடான பழைய புகை உள்ளேயே தங்கி, புதுக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடு ஏறினால் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது). அதற்குப் பயந்து ஈசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். பிக்கப் போயிற்று.

சிங்கிள் ஸ்க்ரோலில் நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் கலப்பதால்தான் இந்தத் தகராறு. ட்வினில் 1-ம் 4-ம் ஒரு பக்கம், 2-ம் 3-ம் மறுபக்கம். ஒரே பக்கத்தில் ஒரு சீற்றத்துக்கும் அடுத்ததற்கும் 360 டிகிரி இடைவெளி. ஒவ்வொன்றும் கலையாமல் போய்ச் சக்கரத்தில் அடிக்கும், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) கீழ் ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே, ஏறும். உங்கள் வண்டிக்கு 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) 1,250 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. முழுப் பெருமையையும் டர்போவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷனுக்கும் வால்வ் டைமிங்குக்கும் பங்கு உண்டு. புது வித்தையும் இல்லை: மிட்சுபிஷி 1996-லேயே லான்சர் எவல்யூஷன் ஃபோரில் இதை வைத்துவிட்டது.

கேள்வி: என்னுடையது 1.0 லிட்டர் டர்போ ஹூண்டாய் வென்யூ. கீழ் ஆர்பிஎம்மில் கொஞ்சம் மந்தம். ட்வின் ஸ்க்ரோல் மாட்டலாமா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். மூன்று சிலிண்டரில் வெடிப்புக்கு வெடிப்பு 240 டிகிரி. ஒன்றின் வால்வு மூடுகிற நேரத்தில்தான் அடுத்தது திறக்கும். சண்டையே இல்லாத இடத்தில் சுவர் எதற்கு? ஆறு சிலிண்டரில் முன் மூன்றையும் பின் மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பதும் இதே கணக்கில்தான். பிஎம்டபிள்யூ தன் என்54-ன் இரண்டு டர்போக்களை எடுத்துவிட்டு, 2009-ல் என்55-க்கு ஒரே ட்வின் ஸ்க்ரோலை வைத்தது. உங்கள் மந்தத்துக்கு ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள், காசு மிச்சம்.

கேள்வி: கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட நான்கு சிலிண்டர் கார் ஒன்றைத் தயார் செய்கிறேன். ட்வின் ஸ்க்ரோல் ஹவுசிங் (டர்பைனின் கூடு) வாங்கிவிட்டேன். இருக்கிற நாலுக்கு ஒன்று மேனிஃபோல்டிலேயே (நான்கு சிலிண்டர் புகையையும் ஒரே வழியில் சேர்க்கும் குழாய்த் தொகுப்பு) மாட்டலாமா?
வாசகர், கோவை

பதில்: மாட்டலாம், பலன்தான் இருக்காது. மேனிஃபோல்டிலேயே கலந்துவிட்ட புகையை ஹவுசிங் சுவர் எப்படிப் பிரிக்கும் தம்பி? 1-4, 2-3 என்று ஃபிளேன்ஜ் (டர்போவோடு இணையும் விளிம்பு) வரை தனித்தனியாக வரும் மேனிஃபோல்ட் செய்ய வேண்டும். கேஸ்கெட்டிலும் நடுச்சுவர் வேண்டும். மிஞ்சிய புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் இரண்டு பக்கத்துக்கும் திறக்க வேண்டும். இதையெல்லாம் செய்யப் பணமில்லை என்றால் ஹவுசிங்கை விற்றுவிட்டு, அளவான சிங்கிள் ஸ்க்ரோல் ஒன்று போடுங்கள். எப்போதும் மேல் ஆர்பிஎம்மிலேயே நிற்கும் வண்டிக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதுதான் ட்வினின் அருமை தெரியும். வாங்கிய ஹவுசிங் பழையதா? டார்ச் அடித்து நடுச்சுவரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நெருப்புப் புகையில் வேகிற இரும்பு அது. முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

கேள்வி: ட்வின் ஸ்க்ரோல் வந்ததும் சுபாரு கார்களின் 'குடுகுடு' சத்தம் போய்விட்டதாமே?
வாசகர், சென்னை

பதில்: உண்மைதான். பழைய இஜே இன்ஜினில் எக்ஸாஸ்ட் குழாய்கள் நீளம் ஒத்துவராமல் இருந்ததால் வந்த சத்தம் அது. 2015 டபிள்யூஆர்எக்ஸ் மாடலில் ட்வின் ஸ்க்ரோலுக்காக நீளத்தைச் சமப்படுத்தினார்கள், சத்தமும் அடங்கியது. ரசிகர்கள் இன்னும் புலம்புகிறார்கள். எனக்குப் பிக்கப் போதும்.