விண்மீன் இல்லாத கேலக்ஸிகளும் கணக்கில் வராத பொருளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொங்கு வட்டார வானியல் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் துறைக்குள் வருபவற்றுக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியுள்ளேன்.

பெருந்துறை, பொறியியல் மாணவி: பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது என்று படித்தேன். மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் காணவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். மொத்த அளவை இரண்டு தனித்தனி வழிகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து டியூட்டீரியமும் ஹீலியமும் உருவாயின. சாதாரணப் பொருள் அடர்த்தியாக இருந்திருந்தால் டியூட்டீரியம் ஏறத்தாழ முழுவதும் ஹீலியமாக மாறி முடிந்திருக்கும். குறைவாக இருந்திருந்தால் இன்று அதிக டியூட்டீரியம் எஞ்சியிருக்கும். எனவே தொலைதூர வாயுவில் டியூட்டீரியத்தின் விகிதத்தை அளந்தால் மொத்தப் பொருளின் அளவு கிடைத்துவிடும். இரண்டாவது வழி, பிரபஞ்சத்துக்கு 3,80,000 ஆண்டு வயதானபோது புறப்பட்ட நுண்ணலை ஒளி. அதில் பதிந்துள்ள ஏற்ற இறக்கங்களை பிளாங்க் விண்கலம் துல்லியமாக அளந்தது. முற்றிலும் வேறுபட்ட காலங்களைச் சேர்ந்த இந்த இரண்டு அளவீடுகளும் ஒரே விடையைத் தருகின்றன: பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம். சராசரியாகப் பரப்பினால் நான்கு கன மீட்டருக்கு ஒரு புரோட்டான் வரும்.

1998-இல் ஃபுகுகிதா, ஹோகன், பீபிள்ஸ் ஆகிய மூவர் கண்ணுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் கூட்டி வரவு செலவு எழுதினார்கள். விண்மீன்கள் அனைத்தையும் சேர்த்தாலும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டே சென், ஆஸ்ட்ரைக்கர் இருவரும் கணினி உருவகிப்பின் மூலம், மீதியில் பெரும்பகுதி கேலக்ஸிகளுக்கு இடையே ஒரு லட்சம் முதல் ஒரு கோடி டிகிரி வரை சூடான, மிக மெல்லிய வாயுவாக இழை இழையாகப் பரவியிருக்க வேண்டும் என்று காட்டினார்கள். அந்த வாயு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிரகாசிப்பதில்லை. எக்ஸ் கதிரில் பிடிக்கலாம் என்றால் அதற்கும் அடர்த்தி போதவில்லை. இருக்கும் இடம் ஏறத்தாழத் தெரிந்திருந்தும் இருபது ஆண்டுகள் எண்ணிக்கையை முடிக்க முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

கோபிசெட்டிபாளையம்: கரும்பொருள் என்பதும் காணாமல் போன பொருள் என்பதும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. கரும்பொருள் என்பது ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்; அணுக்களால் ஆனதல்ல. அது மொத்தத்தில் சுமார் 27 சதவீதம். காணாமல் போனதாகச் சொல்லப்பட்டது, நம்மை ஆக்கிய அதே அணுப்பொருளின் ஒரு பகுதி. மேலே உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

தாராபுரம், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்: கண்ணுக்கே தெரியாத வாயுவை ரேடியோ வெடிப்புகளை வைத்து எண்ணினார்கள் என்கிறார்களே, எப்படிங்க?

மின்சாரத்தோடு வாழ்ந்தவருக்கு இது எளிதில் விளங்கும். வேக ரேடியோ வெடிப்பு என்பது தொலைதூரக் கேலக்ஸி ஒன்றிலிருந்து சில மில்லி வினாடிகள் மட்டுமே வரும் ஒரு துடிப்பு. முதலாவதை 2007-இல் லாரிமர் குழுவினர், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001-இல் பதிவுசெய்து வைத்திருந்த தரவுகளிலிருந்து கண்டெடுத்தார்கள். துடிப்பு புறப்படும்போது எல்லா அதிர்வெண்களும் சேர்ந்தே புறப்படுகின்றன. வழியில் கட்டற்ற எலெக்ட்ரான்கள், அதாவது எந்த அணுவோடும் பிணையாதவை, இருந்தால் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் அதிகமாகத் தாமதப்படும். வழக்கமான ஒரு வெடிப்பை எடுத்துக்கொண்டால், 1,400 மெகாஹெர்ட்ஸில் வந்த துடிப்புக்கு ஏறத்தாழ 0.38 வினாடி கழித்து அதே துடிப்பு 1,200 மெகாஹெர்ட்ஸில் வந்து சேரும். அந்தத் தாமதத்திலிருந்து, வெடிப்பின் இடத்திலிருந்து நம் தொலைநோக்கி வரை ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்களவுள்ள நெடும்பாதையில் எத்தனை எலெக்ட்ரான்கள் உள்ளன என்று நேரடியாகக் கணக்கிடலாம். மேற்சொன்ன அளவுக்கு விடை, சுமார் ஒன்றரைக் கோடி கோடி கோடி. வாயு சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, ஒளிர்கிறதா என்பதைப் பற்றி இந்த முறைக்குக் கவலையே இல்லை. எலெக்ட்ரான் கட்டற்று இருந்தால் போதும், எண்ணிக்கையில் வந்துவிடும். அதன் அழகே அங்கேதான் இருக்கிறது.

வெடிப்பு எந்தக் கேலக்ஸியிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் தூரம் தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கி வரிசை அதைச் சாத்தியமாக்கியது. 2020-இல் ஜான்-பியர் மக்வார்ட் தலைமையிலான குழு, இப்படி இடம் கண்ட சில வெடிப்புகளைக் கொண்டே, எண்ணிக்கை எதிர்பார்த்த 5 சதவீதத்தோடு பொருந்துகிறது என்று காட்டியது. அந்த முடிவு வெளியான சில வாரங்களில் அவர் காலமானார் என்பதை ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். 2025-இல் லியாம் கானர் குழுவினர், பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் டிஎஸ்ஏ-110 ரேடியோ தொலைநோக்கி வரிசை கண்ட வெடிப்புகளைக் கொண்டு பங்கீட்டையும் சொன்னார்கள்: சுமார் 76 சதவீதம் கேலக்ஸிகளுக்கு இடையில், சுமார் 15 சதவீதம் கேலக்ஸிகளைச் சூழ்ந்த வாயு உறைகளில், மீதி விண்மீன்களிலும் குளிர்ந்த வாயுவிலும்.

ஈரோடு: அதெல்லாம் கருந்துளைகளுக்குள் போயிருக்கலாமே?

இல்லை. கருந்துளைகளின் பங்கு இந்தக் கணக்கில் மிகச் சிறியது.

காங்கேயம், எட்டாம் வகுப்பு மாணவர்: விண்மீனே இல்லை என்றால் அந்தக் கேலக்ஸி இருப்பது எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, கண்ணு. ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டானும் ஒரு எலெக்ட்ரானும் இருக்கின்றன. இரண்டுக்கும் சுழற்சி போன்ற ஒரு பண்பு உண்டு. இரண்டின் திசையும் ஒன்றாக இருக்கும் நிலையிலிருந்து எதிரெதிராக மாறும்போது 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ரேடியோ அலை வெளிப்படும். அதன் அதிர்வெண் 1,420.4 மெகாஹெர்ட்ஸ். ஒரு தனி அணுவில் இது தானாக நடக்கச் சராசரியாக ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு கேலக்ஸியில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரிது என்பதால் அந்த அலை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. 1944-இல் வான் டெ ஹுல்ஸ்ட் இதைக் கணித்தார். 1951-இல் ஈவனும் பர்செல்லும் கண்டுபிடித்தார்கள். இந்த அலை வரும் திசையில் ஒரு விண்மீன்கூடத் தெரியாவிட்டால், அங்கே தேடல் தொடங்குகிறது.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி: தவறான இடத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பியபோது விண்மீன் இல்லாத கேலக்ஸி கிடைத்ததாமே, உண்மைங்களா?

உண்மை. அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியில் தவறான ஆயத்தொலைவு கொடுக்கப்பட்டதால் கிடைத்த அந்த வாயுத்தொகுதியின் பெயர் ஜே0613+52. கேரன் ஓ'நீல் 2024 ஜனவரியில் அறிவித்தார். தூரம் சுமார் 27 கோடி ஒளியாண்டு. ஹைட்ரஜன் மட்டும் சுமார் 200 கோடி சூரியன்களின் எடை.

இங்கே நான் எப்போதும் தரும் எச்சரிக்கையைத் தருகிறேன்: விண்மீன் தெரியவில்லை என்பது விண்மீன் இல்லை என்பதாகாது. அவிநாசி சாலையில் நின்று பார்த்தால் பால்வீதி தெரியாது. வெள்ளகோவில் பக்கம் மேட்டாங்காட்டில் நின்றால் அதே இரவில் தெரியும். வானத்தின் சொந்த வெளிச்சத்துக்குக் கீழே மங்கிக் கிடக்கும் கேலக்ஸிகளை நாம் தவறவிடுகிறோம் என்று மைக் டிஸ்னி 1976-லேயே எழுதினார். 1980-களில் கண்டறியப்பட்ட மாலின் 1 என்னும் மாபெரும் மங்கலான கேலக்ஸி அவர் கவலை நியாயமானது என்று காட்டியது. ஜே0613+52 கிடக்கும் திசையை ஆழமாகப் படமெடுக்கும் வரை அதை விண்மீன் இல்லாதது என்று சொல்ல மாட்டேன்.

நாமக்கல்: கரும்பொருளைத்தானே காணாமல் போன பொருள் என்கிறார்கள்?

இல்லை. கோபி அன்பருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

திருப்பூர், பனியன் ஏற்றுமதி நிறுவன ஊழியர்: ஐயா, 2005-இல் விர்கோஹெச்ஐ21 என்பதை முதல் இருண்ட கேலக்ஸி என்று கொண்டாடினார்கள். பிறகு அது வேறொரு கேலக்ஸியிலிருந்து கிழிந்த வாயு என்று ஆகிவிட்டது. இனி வரும் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். அப்படி ஒரு வகையே கிடையாது என்று ஒப்புக்கொள்வதுதானே முறை?

வரலாறு நீங்கள் சொன்னபடிதான். கன்னி கேலக்ஸிக் கொத்தில், சுமார் 5 கோடி ஒளியாண்டு தொலைவில், 10 கோடி சூரியன் எடையுள்ள ஹைட்ரஜன் சுழல்வதுபோல் தெரிந்தது. அரெசிபோ தொலைநோக்கி அந்தப் பகுதியை அகலமாகப் பார்த்தபோது, என்ஜிசி 4254 என்னும் கேலக்ஸியிலிருந்து நீளும் ஒரு பெரிய வாயு வாலின் நடுப்பகுதிதான் அது என்று 2007-இல் தெரிந்தது. வேகமாகக் கடந்துபோன இன்னொரு கேலக்ஸி அப்படி ஒரு வாலை இழுத்துவிட முடியும் என்று டுக், பூர்னோ இருவரும் 2008-இல் உருவகித்துக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு வழக்கு தோற்றதால் எல்லா வழக்குகளும் பொய் என்று ஆகாது. எம்94 கேலக்ஸிக்கு அருகில், சுமார் 1.4 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள கிளவுட்-9 என்னும் வாயு மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி முதலில் கண்டது. கிரீன் பேங்கும் அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி வரிசையும் உறுதி செய்தன. ஹப்பிள் அங்கே ஆழமாகப் பார்த்து, பத்தாயிரம் சூரியன் எடைக்கு விண்மீன்கள் இருந்திருந்தால்கூடத் தப்பியிருக்காது என்னும் அளவுக்குத் தேடி, ஒன்றும் காணவில்லை. ஹைட்ரஜன் சுமார் 10 லட்சம் சூரியன் எடை; அதைக் கலையாமல் பிடித்துவைக்கச் சுமார் 500 கோடி சூரியன் எடையுள்ள கரும்பொருள் தேவை. அதன் 21 சென்டிமீட்டர் அலைவரியோ குறுகியது, அதாவது வாயுவுக்குள் வேக வேறுபாடு குறைவு; சுழற்சிக்கு அறிகுறி இல்லை. வால் ஒன்றின் துண்டு இப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

அதே திருப்பூர் அன்பர்: எம்94 பக்கத்திலேயே இருக்கிறது, வடிவமும் சற்றுச் சிதைந்திருக்கிறது. கிழிந்த வாயு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? தூரம்கூட எம்94-இன் வேகத்தோடு ஒத்துப்போவதை வைத்து ஊகித்ததுதானே?

மூன்றும் சரியான ஆட்சேபங்கள்; தூரம் பற்றியதுதான் மூன்றில் வலுவானது. விண்மீன் இருந்தால் அதன் பிரகாசத்தைக் கொண்டு தூரத்தை அளக்கலாம். இங்கே அந்த வழி இல்லை. வடிவச் சிதைவுக்கு, எம்94-ஐச் சூழ்ந்த சூடான வாயுவின் ஊடே அது நகர்வதே போதுமான காரணமாகலாம்.

ஆனால் நீங்கள் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட பொருள்கள் இருக்க வேண்டும் என்பது கண்டுபிடித்த பிறகு சொன்ன சமாதானமல்ல. முதல் விண்மீன்களின் புற ஊதாக் கதிர் பிரபஞ்சத்தின் வாயுவைச் சுமார் பத்தாயிரம் டிகிரிக்குச் சூடாக்கியபோது, சிறிய கரும்பொருள் திரள்களால் அந்த வாயுவைச் சுருக்கி விண்மீனாக்க இயலாமல் போயிருக்க வேண்டும். அவற்றில் சில, வாயுவை இழக்கவும் இல்லாமல் விண்மீனாக்கவும் இல்லாமல் நின்றிருக்கும் என்று பெனிடெஸ்-யாம்பாய் குழுவினர் 2017-லேயே உருவகித்தார்கள். கிளவுட்-9-இன் எடை அந்த எல்லைக்கு அருகில் வந்து நிற்கிறது.

மேட்டுப்பாளையம்: நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியால் இவற்றைத் தேட முடியுமா?

அருகிலுள்ளவற்றை முடியாது. முத்தோரையில் கோவிந்த் சுவரூப் 1970-இல் நிறுவிய அந்தக் கருவி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்பது; அருகிலுள்ள ஹைட்ரஜனின் அலையோ 1,420.4 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே வரும். ஆனால் பிரபஞ்சம் விரிவதால் அலைகள் நீள்கின்றன, 1,420.4-ஐ 326.5-ஆல் வகுத்தால் 4.35. அத்தனை மடங்கு நீண்டு வரும் ஹைட்ரஜன் அலை, சுமார் 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அந்தக் காலத்து ஹைட்ரஜனின் கூட்டுப் பரவலைத் தேடும் திட்டத்துக்கு ஊட்டிக் கருவியை மேம்படுத்தும் பணி நடந்திருக்கிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த உருளைப் பரவளையத்தை, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாகச் சாய்ந்த மலைச்சரிவில் கிடத்தியிருக்கிறார்கள். அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுவதால், ஒரே அச்சில் திருப்பியபடியே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகிறவர்கள், முடிந்தால் ஒரு முறை முத்தோரைக்கும் போய் அந்தச் சாய்வைக் கண்ணால் பாருங்கள்.

கரூர்: கரும்பொருள்தான் இந்தக் காணாமல் போன...

மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது. முதல் இரண்டு பதில்களைப் படிக்காமல் அனுப்பப்படும் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

அன்னூர்: எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

இந்தப் பகுதிக்கு உரிய கேள்வியல்ல. உங்களுக்கு அருகிலுள்ள வானியல் குழுவினரிடம் கேளுங்கள்.

கோயம்புத்தூர், கல்லூரி விரிவுரையாளர்: திருப்பூர் அன்பருடன் நடக்கும் விவாதத்தைப் படித்தேன். கிளவுட்-9 போன்றவை நிறைய இருந்தால் காணாமல் போன பொருளின் கணக்கு அதிலேயே நேராகிவிடாதா?

ஆகாது. இரண்டு தேடல்களையும் ஒன்றாக்கும் இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது. அதைக் களைவதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன். 10 லட்சம் சூரியன் எடை என்பது நம் பால்வீதியின் வாயுவோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காணாமல் போன பொருளின் பெரும்பகுதி கேலக்ஸிகளுக்கு வெளியே, கேலக்ஸி வடிவமே எடுக்காமல் கிடந்தது. விண்மீன் இல்லாத கேலக்ஸிகளைத் தேடுவது அந்தக் கணக்கை நிரப்ப அல்ல; எந்த எடைக்குக் கீழே ஒரு கரும்பொருள் திரள் விண்மீனை உருவாக்கத் தவறுகிறது என்ற எல்லையைக் கண்ணால் காண.

மீண்டும் திருப்பூர் அன்பர்: சரிங்க ஐயா. அப்படியென்றால் என்ன கிடைத்தால் நான் என் வாதத்தை விட வேண்டும், என்ன கிடைத்தால் நீங்கள் விடுவீர்கள்?

கேலக்ஸியிலிருந்து கிழிந்த வாயு, விண்மீன்கள் ஏற்கெனவே சமைத்த ஆக்சிஜனையும் கார்பனையும் சுமந்து வரும். ஒருபோதும் விண்மீனாகாத வாயுவில் ஏறத்தாழ ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே இருக்கும். கிளவுட்-9 போன்ற ஒன்றின் பின்னால் குவேசார் ஒன்று, அதாவது தொலைதூரக் கேலக்ஸியின் மிகப் பிரகாசமான மையம், சரியான இடத்தில் அமைந்து, அதன் ஒளியில் ஆக்சிஜன், கார்பன் போன்ற கன தனிமங்கள் உறிஞ்சிய அலைநீளங்கள் கருங்கோடுகளாகத் தெளிவாகத் தெரிந்தால் என் வாதத்தை விட்டுவிடுவேன். அவை இல்லாமல், பெரிய கேலக்ஸி எதுவும் அருகில் இல்லாத இடங்களிலும் இதே எடையில் சில கிடைத்தால் நீங்கள் விட வேண்டும். அதுவரை கிளவுட்-9-ஐ வலுவான வேட்பாளர் என்றே எழுதுவேன்.