குவெரி எங்கே இருக்க வேண்டும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வெப் அப்ளிகேஷன் சி ஷார்ப்பிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் ஓடுகிறது. குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) எல்லாம் சி ஷார்ப் கோடுக்குள்ளேயே கிடக்கிறது. இன்ஜெக்‌ஷனைத் (வெளியாள் தன் கட்டளையைக் குவெரிக்குள் நுழைப்பதை) தடுக்க எல்லாவற்றையும் ஸ்டோர்டு புரொசீஜராக (சர்வரிலேயே பெயரிட்டுச் சேமித்து வைக்கும் குவெரித் தொகுப்பாக) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அந்த ஒரு காரணத்துக்காக என்றால் வேண்டாம். குவெரி எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அதை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் ஓட்டை. லாகின் பெட்டியில் வருவதைப் பிளஸ் போட்டு குவெரியோடு ஒட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் ஒற்றை மேற்கோள் குறி, பிறகு ஆர் 1=1, கடைசியில் இரண்டு சிறு கோடுகள் என்று தட்டினால் போதும். மேற்கோள் உங்கள் மதிப்பை அங்கேயே முடித்துவிடும். 1=1 எல்லா வரிசைக்கும் பொருந்தும். பின்னால் வரும் பாஸ்வேர்டு சோதனை வெறும் கமெண்ட் ஆகிவிடும். அதையே பாராமீட்டராக, அதாவது குவெரியோடு ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்பினால், தட்டியது மொத்தமும் ஒரு வினோதமான பயனர் பெயராகத் தேடப்படும். அப்படி யாரும் இருக்க மாட்டார்கள்.

புரொசீஜருக்குள்ளேயே ஸ்ட்ரிங்கை ஒட்டி எக்ஸெக் மூலம் ஓடவிட்டாலும் இதே கதிதான். டைனமிக்காக, அதாவது ஓடும்போதே குவெரியைக் கட்டியே ஆக வேண்டுமென்றால் எஸ்பி_எக்ஸிகியூட்எஸ்க்யூஎல் மூலம் பாராமீட்டராகக் கொடுங்கள். டேபிள் பெயரும் ஆர்டர் பையில் (வரிசைப்படுத்தும் பகுதியில்) வரும் ஃபீல்டு பெயரும் பாராமீட்டராகப் போகாது. அவற்றை நீங்கள் அனுமதித்த பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே சேருங்கள்.

புரொசீஜர் நிஜமாகவே பாதுகாப்புத் தரும் இடம் பெர்மிஷன். அப்ளிகேஷனின் லாகினுக்கு எக்ஸிகியூட் உரிமை மட்டும் போதும். டேபிளுக்கும் புரொசீஜருக்கும் ஓனர் ஒருவரே என்றால், டேபிளைத் தொட தனி அனுமதி தேவைப்படாது. ஆனால் உள்ளே டைனமிக் எஸ்க்யூஎல் வந்ததும் இந்தச் சங்கிலி அறுந்து, டேபிள் அனுமதி கேட்கும். அந்த எரரைக் கண்டதும் டிபி_ஓனர் (டேட்டாபேஸின் முழு உரிமை) கொடுத்துக் கதையை முடிப்பவர்கள் நிறையப் பேர். அதற்குப் புரொசீஜரே எழுதியிருக்க வேண்டாம்.

கேள்வி: புரொசீஜர் முன்பே கம்பைல் ஆகியிருப்பதால் வேகம் என்பது சரியா?

பதில்: பழைய பேச்சு. புரொசீஜருக்கான பிளான் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று சர்வர் போடும் திட்டம்), அதை உருவாக்கும்போது அல்ல, முதல் தடவை ஓடும்போதுதான் தயாராகிறது. பாராமீட்டர் வைத்த இன்லைன் (கோடுக்குள்ளேயே எழுதிய) குவெரிக்கும் அப்படியே. இரண்டு பிளானும் கேஷில் (சர்வரின் தற்காலிக நினைவகத்தில்) இருந்து மறுபடி பயன்படும்.

இன்லைனில் பலர் சறுக்குவது, வகையைச் சொல்லாமல் மதிப்பை மட்டும் கொடுக்கும் ஆட்வித்வேல்யூவில். டேபிளில் ஃபீல்டு வார்சார் 20 என்ற எழுத்து வகை. நீங்கள் அனுப்பும் ஸ்ட்ரிங் 5 எழுத்தென்றால் என்வார்சார் (யூனிகோடு எழுத்து வகை) 5 ஆகவும், 7 எழுத்தென்றால் என்வார்சார் 7 ஆகவும் போகிறது. நீளத்துக்கு ஒரு பிளான் என்று கேஷ் நிரம்பும். அது மட்டுமல்ல, என்வார்சாருக்கு முன்னுரிமை என்பதால் சர்வர் ஃபீல்டில் உள்ள மதிப்பைத்தான் என்வார்சாராக மாற்றிப் பார்க்கும். சில கொலேஷன்களில் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகளில்) இண்டெக்ஸில் நேராகத் தேடும் சீக், முழுவதையும் படிக்கும் ஸ்கேனாக விழுந்துவிடும். வகையையும் நீளத்தையும் நீங்களே எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது. புரொசீஜரில் வகை முன்பே எழுதப்பட்டிருப்பதால் இந்தப் பிழை நேராது.

ஒரே வேலைக்கு ஐந்து ஸ்டேட்மென்ட் தனித்தனியாகப் போய்வந்தால், ஒரு தடவை போய்வர 20 மில்லிசெகண்ட் என்றாலும் 100 மில்லிசெகண்ட் காத்திருப்பிலேயே போகும். அதை ஒரு புரொசீஜரில் போடுவது லாபம்.

கேள்வி: ஒரு புரொசீஜர் வெப்பில் 30 விநாடி இழுக்கிறது. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் அதே மதிப்புகளோடு ஓட்டினால் உடனே வருகிறது. ஏன்?

பதில்: பாராமீட்டர் ஸ்னிஃபிங்காகத்தான் இருக்கும். முதலில் வந்த மதிப்புக்கு 10 வரிசை என்றால் அதற்கேற்ற பிளான் கேஷில் உட்கார்ந்துவிடும். அடுத்தவருக்கு 10 லட்சம் வரிசை இருந்தாலும் அதே பிளான்தான். ஸ்டுடியோவில் அரித்அபார்ட் என்ற செட்டிங் ஆன், டாட்நெட் இணைப்பில் அது ஆஃப். செட்டிங் வேறு என்பதால் பிளானும் வேறு. ஸ்டுடியோவில் முதலில் அதை ஆஃப் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், மந்தம் அங்கேயும் தெரியும். இழுக்கும் ஸ்டேட்மென்டுக்கு மட்டும் ஆப்ஷன் ரீகம்பைல் (ஒவ்வொரு தடவையும் புதுப் பிளான்) சேருங்கள். நிமிடத்துக்கு ஆயிரம் தடவை ஓடுவதென்றால் ஆப்டிமைஸ் ஃபார் (நீங்கள் சொல்லும் மதிப்புக்கேற்ற பிளான்) மேல், ஏனென்றால் ஒவ்வொரு கம்பைலுக்கும் சிபியூ செலவு. இன்லைன் குவெரிக்கும் இந்த நோய் வரும்.

கேள்வி: பிறகு எதை எங்கே வைப்பது?

பதில்: ஒரு டேபிளில் படிப்பது, சேர்ப்பது, திருத்துவது எல்லாம் கோடிலேயே இருக்கட்டும். விருப்பத்துக்குப் பத்து ஃபில்டர் உள்ள தேடலும் அங்கேதான் எழுத எளிது. பல டேபிளை ஒரே டிரான்ஸாக்‌ஷனில் தொடுவதையும், பல அப்ளிகேஷன்கள் பொதுவாக அழைப்பதையும் புரொசீஜரில் வையுங்கள். நாளை மைஎஸ்க்யூஎல்லுக்கோ போஸ்ட்கிரெஸுக்கோ போவது உறுதியென்றால் குறைவாகவே வையுங்கள். எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

புரொசீஜரின் ஸ்கிரிப்ட் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியில்) இருக்க வேண்டும், சர்வரில் மட்டும் அல்ல. பெயரை எஸ்பி_ என்று தொடங்காதீர்கள், சர்வர் முதலில் மாஸ்டர் என்ற சிஸ்டம் டேட்டாபேஸில் போய்த் தேடும். புதிய பாராமீட்டருக்கு டிஃபால்ட் மதிப்பு கொடுத்து, டேட்டாபேஸை முதலிலும் அப்ளிகேஷனைப் பிறகும் ஏற்றுங்கள். இடைப்பட்ட நிமிடங்களில் பழைய கோடும் அதே புரொசீஜரைத்தான் அழைத்துக்கொண்டிருக்கும்.