காரைக்குடியிலிருந்து ஜனவரியில் டீசல் காரில் காஜா (இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி) போகிறோம். எந்த டீசல் போடுவது, எங்கே போடுவது?

நம் ஊர்க்காரர் என்பதால் நம் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். மார்கழியில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை ஆயா வளவு வெயிலில் கொண்டுபோய் வைப்பார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் கூடக் கூட அது துகளாகப் பிரியும். முதலில் டீசல் கலங்கும், அப்புறம் துகள்கள் ஃபில்டரை அடைக்கும், கடைசியில்தான் டீசலே கூழாகும். வண்டி பெரும்பாலும் ஃபில்டர் அடைக்கும்போதே நின்றுவிடும். டேங்கில் டீசல் தளும்பிக்கொண்டிருக்கும், என்ஜினுக்குப் போகாது.

இதை நாங்கள் இமாச்சலத்து மலையூரான கல்பாவில் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஒரு தை மாதம், நானும் அயித்தானும். மேலே பங்க் இருக்குமோ இருக்காதோ என்று சண்டிகரிலேயே டேங்கை முழுக்க நிரப்பச் சொன்னவன் நான்தான். கல்பா போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் அந்தச் சமவெளி டீசல் அப்படியே கிடந்தது. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகி, இரண்டு நிமிடம் ஓடி, திணறி நின்றது. அயித்தான் விடாமல் செல்ஃப் அடித்து பேட்டரியையும் இறக்கிவிட்டார். லாரிக்காரர்கள் டேங்குக்குக் கீழே தீ மூட்டுவார்கள் என்று யாரோ சொல்ல, அவருக்கு அந்த ஆசை வேறு வந்தது. நல்லவேளை, உள்ளூர் மெக்கானிக் வந்து ஃபில்டர் மேல் வெந்நீர் ஊற்றினார். வெயில் ஏறிப் பதினொரு மணிக்குத்தான் வண்டி கிளம்பியது. அதுவரை ஊரிலிருந்து கொண்டுபோன மணகோலம்தான் பலகாரம்.

சமவெளி டீசலைக் குறை சொல்ல முடியாது. இந்தியத் தரநிர்ணயப்படி, குளிர்கால டீசல் 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் ஓடினால் போதும். கோடையில் அந்த அளவு 18 டிகிரி. உண்மையில் இதைவிடக் கொஞ்சம் தாங்கும், ஆனால் காஜாவின் மைனஸ் இருபதைத் தாங்காது.

காஜா, கீலாங், கார்கில், லடாக் பக்கத்துக்கென்றே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் விண்டர் டீசலைக் கொண்டுவந்தது. பானிபட் ரிஃபைனரியில் தயாராகிறது, மைனஸ் 33 டிகிரி வரை உறையாது. நீங்கள் தேட வேண்டியது இதைத்தான்.

ஆகவே சண்டிகரில் முழு டேங்க் வேண்டாம். காஜா போய்ச் சேரும்போது டேங்க் கால்வாசிக்கு இறங்கியிருக்கும்படி கணக்குப் போட்டு வழியில் நிரப்புங்கள். காஜா பங்க்கில் "விண்டர் டீசலா?" என்று கேட்டுவிட்டு டேங்கை நிரப்புங்கள். நிரப்பியதும் நேரே ஹோட்டலுக்குப் போய் நிறுத்திவிடாதீர்கள். பழைய டீசல் குழாயிலும் ஃபில்டரிலும் நிற்கும், பத்துக் கிலோமீட்டராவது ஓட்டினால்தான் புதியது அங்கே வந்து சேரும். வழியில் தங்கும் இரவுகளுக்கு, டீசல் உறையாமல் இருக்க ஊற்றும் ஆடிட்டிவ் வாங்கி, குளிர் ஆரம்பிக்கும் முன்பே டேங்கில் விடுங்கள். மெழுகு பிரிந்த பிறகு விட்டால் பயனில்லை.

மண்ணெண்ணெய் கலக்கச் சொல்பவர்கள் நிறைய. பழைய லாரிக் காலத்து வழக்கம் அது. இன்றைய காமன் ரெயில் (டீசலை மிக அதிக அழுத்தத்தில் அனுப்பும்) பம்ப்புக்கு டீசலின் வழுவழுப்புத்தான் எண்ணெய், மண்ணெண்ணெய் அதைக் கெடுக்கும். பம்ப் போனால் செலவு டூர் செலவைத் தாண்டிவிடும்.

ஃபில்டர் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பழைய ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடச் சொல்லுங்கள், அதுவும் குளிரில் உறைந்துவிடும். மிச்சமிருக்கும் விண்டர் டீசலோடு கீழே இறங்கினாலும் பயமில்லை, வண்டி வழக்கம்போல் ஓடும்.