20 கோடி டெட்ரா மெஷ்: ராம் நிரம்பி நின்றுபோவது பற்றி

குழாய் ஒன்றின் வடிவத்தைக் கணக்கீட்டுக்காகச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டும் (மெஷ் போடும்) ஜிமெஷ் சாஃப்ட்வேரில் 20 கோடி டெட்ரா (நான்முகத் துண்டு) கேட்டால் 32 ஜிபி ராம் நிரம்பி நின்றுவிடுகிறது, அதிலேயே உள்ள பல த்ரெட் அல்காரிதமான எச்எக்ஸ்டிக்கு மாறியும் அதே கதி என்று கேட்டிருந்தீர்கள். எச்எக்ஸ்டி வேகத்தைக் கூட்டும். ஆனால் அதன் த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எல்லாம் ஒரே மெஷினின் மெமரியைத்தான் பங்குபோடும்.

முழு மெஷ்ஷையும் ஃபைலாக எழுதும் ஆசையை விடுங்கள். 4 லட்சம் டெட்ராவில் பெருவெட்டாக ஒன்று போட்டு, பெட்சி என்ற கணக்கீட்டு லைப்ரரியில் மெஷ்ஷைக் கையாளும் பகுதியான டிஎம்பிளெக்ஸில் ஏற்றி, முதலில் பல மெஷின்களில் ஓடும் பிராசஸ்களுக்குப் பிரித்துவிடுங்கள். அப்புறம் ரிஃபைன், அதாவது ஒவ்வொரு டெட்ராவையும் இன்னும் சின்னதாக வெட்டுவது. ஒவ்வொரு தடவையும் ஒன்று எட்டாகும். மூன்று தடவையில் 512 மடங்கு, 20 கோடி தாண்டிவிடும். வரிசையை மாற்றி முதலில் ரிஃபைன் செய்தால், ஒரே மெஷினில் ராம் நிரம்பும் பழைய கதைதான்.

உங்கள் குழாயின் வளைந்த சுவரில்தான் வம்பு. ரிஃபைனில் வரும் புது நோடுகள் (டெட்ராவின் முனைப்புள்ளிகள்) பழைய விளிம்பின் நட்டநடுவில் விழுவதால் வட்டம் பலகோணமாகவே நிற்கும். ஒவ்வொரு ரிஃபைனுக்குப் பிறகும் சுவரில் விழுந்த புது நோடுகளைக் குழாயின் ஆரத்துக்குத் தள்ளுங்கள். தள்ளியதும் ஜேக்கோபியன் (டெட்ரா புரண்டால் மைனஸ் ஆகும் கன அளவு எண்) எங்காவது மைனஸ் ஆகிறதா என்று பாருங்கள். சுவரோர மெல்லிய அடுக்கில் டெட்ரா புரண்டுவிடலாம்.